ஒற்றைப் பூவின் விதை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்துக்குள் நான் நுழைந்தபோது மழை தூறி ஓய்ந்திருந்தது. நாற்பது ஏக்கர் நிலம். ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோவின் முயற்சியால் 1846இல் திறக்கப்பட்டது. ஹென்ஸ்லோ சார்லஸ் டார்வினின் ஆசிரியர் என்பதால், இந்தத் தோட்டத்தின் கதை பெரும்பாலும் அந்த இருவரிடமிருந்தே தொடங்கும். நான் தேடிப் போனது வேறொருவரை: எடித் ரெபெக்கா சாண்டர்ஸ்.

1865இல் பிறந்த சாண்டர்ஸ், பெண்களுக்கான நியூன்ஹாம் கல்லூரியில் 1884இல் சேர்ந்தார். பெண்கள் விரிவுரைகளைக் கேட்கலாம், தேர்வும் எழுதலாம். பட்டம் மட்டும் கிடையாது. பல்கலைக்கழகச் சோதனைக்கூடங்களில் அவர்களுக்கு இடம் கிடைப்பதும் அரிதாக இருந்தது. அதனால் அதே 1884இல், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தில் பெண்களுக்கென்று பால்ஃபர் சோதனைக்கூடம் திறக்கப்பட்டது. சாண்டர்ஸ் அங்கே படித்தார், அங்கேயே கற்பித்தார். 1899 முதல் அது மூடப்பட்ட 1914 வரை அதன் பொறுப்பாளராகவும் இருந்தார்.

அவருடைய ஆராய்ச்சிக்கு வேண்டியது கொஞ்சம் மண். அது இந்தத் தோட்டத்தில் கிடைத்தது. அன்று தோட்டத்தின் மேற்குப் பாதிதான் பூங்காவாக இருந்தது; கிழக்குப் பாதி 1950கள் வரை சிறு சிறு பயிர்நிலங்களாகவே கிடந்தது. 1890களின் நடுவில் சாண்டர்ஸ் ‘பிஸ்குடெல்லா’ என்ற செடியின் இரு வகைகளைக் கலக்கத் தொடங்கினார். ஒன்றின் இலையில் மயிர் உண்டு, மற்றது வழவழப்பானது. இரண்டையும் கலந்தால் பாதி மயிருள்ள இலை வர வேண்டும் என்பதுதான் அன்றைய பொது நம்பிக்கை. பண்புகள் அப்படிக் கரைந்துபோகவில்லை. பெரும்பாலும் தனித்தனியாகவே வெளிப்பட்டன. இந்தக் கட்டுரை 1897இல் வெளிவந்தது. மெண்டலின் ஆய்வை உலகம் மறுபடி கண்டெடுக்க இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன.

அந்த 1897இல் கேம்பிரிட்ஜில் இன்னொன்றும் நடந்தது. பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று மே 21 அன்று வாக்கெடுத்தார்கள். ஆண் மாணவர்கள், சைக்கிளில் அமர்ந்த பெண்ணின் உருவபொம்மை ஒன்றைச் செனட் ஹவுஸுக்கு எதிரே தொங்கவிட்டார்கள். தீர்மானம் பெரும் வித்தியாசத்தில் தோற்றது. ஆண்கள் வெற்றியைக் கொண்டாடினார்கள். செடிகளுக்கோ வாக்கெடுப்பு தெரியாது. மறுநாளும் அவற்றுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.

வில்லியம் பேட்சனோடு சேர்ந்து சாண்டர்ஸ் நடத்திய ஆய்வுகளின் அறிக்கை 1902இல் ராயல் சொசைட்டிக்குச் சென்றது. மரபியலுக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் பேட்சன். வரலாறு அவரை நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறது. அவரைச் சுற்றி வேலை செய்தவர்களில் பலர் நியூன்ஹாம் பெண்கள். அந்திமந்தாரையின் நிறங்களை ஆராய்ந்தவர் டொரோதியா மாரியட். நாய்மூக்குப் பூவின் நிறம் எப்படி இறங்கி வருகிறது என்று கண்டவர் மியூரியல் வீல்டேல். அன்று இந்தப் புதிய துறையில் பதவியும் இல்லை, பணமும் இல்லை. மதிப்புகூடப் பெரிதாக இல்லை. எதிர்காலம் உள்ள ஆண்கள் வேறு பக்கம் போனார்கள். வேறு பக்கம் போக வழியில்லாத பெண்கள் இங்கே வந்தார்கள். அவர்களுக்கு வாய்ப்புத் தந்த பேட்சனைப் பாராட்டலாம். அதோடு, அவர்கள் இல்லாமல் பேட்சனுக்கு இத்தனை சான்றுகள் எங்கிருந்து வந்திருக்கும் என்றும் கேட்க வேண்டும்.

சாண்டர்ஸ் பல ஆண்டுகள் உழைத்தது ‘ஸ்டாக்’ எனப்படும் மணமுள்ள பூச்செடியில். அதில் ஒற்றைப் பூவும் உண்டு, அடுக்குப் பூவும் உண்டு. தோட்டக்காரர்களுக்குப் பிடித்தது அடுக்கு. ஆனால் அடுக்குப் பூவில் மகரந்தமும் இல்லை, சூலகமும் இல்லை. அது விதை வைக்காது. நாம் அடுக்குமல்லியைக் குச்சி ஒடித்து நடுகிறோம். ஸ்டாக்கை விதையிலிருந்துதான் வளர்க்க வேண்டும். அப்படியானால் ஆண்டுதோறும் அடுக்குப் பூக்கள் எங்கிருந்து வருகின்றன? யாரும் திரும்பிப் பார்க்காத ஒற்றைப் பூவின் விதையிலிருந்து. அது எப்படி நிகழ்கிறது என்பதைச் சாண்டர்ஸ் எண்ணி எண்ணிக் கணக்கிட்டார். தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இதை நினைத்தபோது, உவமை தேடும் வேலை எனக்கு மிச்சமில்லாமல் போயிற்று.

பேட்சன் 1910இல் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவரானவர். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து லண்டன் போனவர். பயிர்களின் குரோமோசோம்களைத் தொகுக்கும் பெருநூலை சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் வெளியிட்டார். அதே ஆண்டு சாண்டர்ஸ் சைக்கிள் விபத்தில் அடிபட்டு இறந்தார். மரபியல் கழகத்தின் தலைவராகவே இருந்தவர் அவர். கேம்பிரிட்ஜ் தன் பெண்களுக்கு முழுப் பட்டம் தந்தது 1948இல்.

ஜானகி அம்மாள் கடைசிவரை ஆராய்ச்சியில் இருந்தது நம் ஊரில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில். 1984இல் அங்கேதான் இறந்தார். கேம்பிரிட்ஜுக்கு விமானம் ஏறிய நான் மதுரவாயலை எத்தனை முறை பேருந்தில் கடந்திருப்பேன்! ஒருமுறையும் இறங்கியதில்லை.

குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களை வகுப்பில் நடத்தும்போது, கபிலரின் தாவர அறிவு என்றே இத்தனை காலம் சொல்லிவந்தேன். அந்தப் பாட்டில் பேசுகிறவள் தோழி. பூக்களைப் பறித்துப் பாறையில் குவிப்பவர்கள் அவளும் தலைவியும். எந்தப் பூ எங்கே பூக்கும் என்று அறியாமல் அவர்களால் பறித்திருக்க முடியாது. கபிலருக்கு அந்தப் பெயர்களைச் சொல்லித்தந்த பெண்கள் யார் என்று நான் ஒரு மாணவியிடமும் கேட்டதில்லை. அடுத்த பருவத்தில் அந்தக் கேள்வியிலிருந்துதான் பாடத்தைத் தொடங்கப்போகிறேன்.