அயல்நாட்டு ஆங்கில ஆசிரியர்கள், காவிரிப் படுகையில்

அரசின் பணத்திலோ ஏற்பாட்டிலோ வெளிநாட்டவர் ஆங்கிலம் கற்பிக்க வந்த வழக்கம் தஞ்சை வட்டாரத்தில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. தஞ்சாவூர், கும்பகோணம் ஆகிய இரண்டு ஊர்களும் இதன் முக்கியக் களங்கள். தென்கொரியா 1995 முதல் நடத்திவரும் ‘எபிக்’ திட்டம், ஜப்பானின் ‘ஜெட்’ திட்டம் (1987) போன்ற அயல்நாட்டு ஆசிரியர் திட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க வரலாறு இது. நோக்கத்தில் ஒற்றுமை உண்டு. வந்தவருக்குப் பள்ளியில் தரப்பட்ட இடம் மட்டும் முற்றிலும் வேறு.

கம்பெனி காலம்

தஞ்சையில் முதலில் ஆங்கிலப் பள்ளி நடத்தியவர் ஆங்கிலேயர் அல்லர். பிரஷ்யாவில் 1726இல் பிறந்து, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் அவர். தஞ்சை அரண்மனையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவனும் அவரும் சேர்ந்து 1780களின் நடுவில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று இடங்களில் ஆங்கிலப் பள்ளிகளைத் தொடங்க வழி செய்தனர். துபாஷிகளின் இடைத்தரகு இல்லாமல் கம்பெனியாரும் ஊர்க்காரர்களும் நேரே பேசிக்கொள்ள வேண்டும் என்பது சல்லிவனின் எண்ணம். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் 1787இல் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன், அதாவது சுமார் 100 பவுண்டு, நிரந்தர மானியமாகக் கொடுக்க ஒப்புதல் தந்தனர். வணிகக் கம்பெனி கல்விக்காகப் பெட்டியைத் திறந்த ஆரம்ப நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று. ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் குறிப்புக்கு இது ஏறத்தாழ அரை நூற்றாண்டு முந்தியது என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

சுவார்ட்ஸிடம் படித்தவர்களில் பெயர் பெற்றவர், பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜி. சுவார்ட்ஸ் 1798இல் இறந்தார். அந்த ஆண்டே சரபோஜி அரியணை ஏறினார். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் ஆசிரியரின் மரணப் படுக்கையருகே மாணவர் நிற்பதாக ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. அரசர் விரும்பிச் செய்வித்த அதை லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் வடித்தார். சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ள ஐரோப்பிய நூல்கள், சரபோஜி அந்த ஆங்கிலத்தைக் கடைசிவரை பயன்படுத்தினார் என்பதற்குச் சாட்சி.

கும்பகோணம்

அரசு உத்தியோகத்தில் ஆங்கிலம் அறிந்தவருக்கே முன்னுரிமை என்று கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் 1844இல் அறிவித்த பிறகு, டெல்டாவின் மிராசுதார் வீடுகளில் ஆங்கிலப் படிப்பு சொத்துக்குச் சமமாயிற்று. கும்பகோணத்தில் 1854இல் அரசு மாகாணப் பள்ளி ஒன்றைத் திறந்தது. 1867இல் அது கல்லூரியாக உயர்ந்தது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு வந்த டபிள்யூ. ஏ. போர்ட்டர் அதன் முதல்வராகப் பல ஆண்டுகள் இருந்தார். காவிரிக் கரைக் கல்லூரிக்குத் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்ற பட்டம் வந்தது அவர் காலத்துப் புகழால்தான். நகரில் போர்ட்டர் டவுன் ஹால் அவர் பெயரில் நிற்கிறது. அவருக்கு அடுத்த நிலையில் பாடம் சொன்ன டி. கோபால் ராவை ஊர் அதே அளவு கொண்டாடியது. ஷேக்ஸ்பியரைத் தமிழ்நாட்டு மாணவருக்குப் புரியவைக்க வெள்ளைக்காரர்தான் வேண்டும் என்ற நம்பிக்கையை அவரைப் போன்றவர்கள் அப்போதே ஆட்டங்காண வைத்தார்கள்.

இங்கே இரண்டு பெயர்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை இதே கல்லூரியில் தமிழாசிரியர். ஏட்டுச் சுவடியிலிருந்து சிந்தாமணியைப் பதிப்பித்து 1887இல் வெளிக்கொண்டுவந்தது இங்கே பணியாற்றிய காலத்தில். அவர் போன மறு ஆண்டு, 1904இல், சீனிவாச இராமானுஜன் உதவித்தொகையோடு எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணக்கைத் தவிர எதிலும் மனம் செல்லாமல் ஆங்கிலத்தில் தேறத் தவறியதால் உதவித்தொகை பறிபோயிற்று. அந்தக் கல்வி முறை எதை முதன்மையாக அளந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

போர்ட்டரைப் போன்றவர்களின் நியமனங்கள் 1896இல் ‘இந்தியக் கல்விப் பணி’ என்ற முறைப்பட்ட வடிவம் பெற்றன. இங்கிலாந்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் முதல்வர், பேராசிரியர், ஆய்வாளர் பதவிகளுக்கு வந்தார்கள். உள்ளூர்ப் பட்டதாரிகள் பெரும்பாலும் சம்பளத்திலும் அந்தஸ்திலும் குறைந்த மாகாணப் பணியிலேயே நிறுத்தப்பட்டார்கள். உயர் அரசுப் பணிகளை ஆராய்ந்த லீ குழுவின் பரிந்துரையை ஒட்டி 1924இல் புதிய ஆளெடுப்பு நின்றது.

பயிற்சிக்கு மட்டும்

விடுதலைக்குப் பிறகு வெளிநாட்டவரை வகுப்பறைக்குள் கொண்டுவருவதைச் சென்னை மாநிலம் தொடரவில்லை. 1959இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு தொடங்கிய ஆங்கிலப் போதனை இயக்கத்தில் வல்லுநர்கள் சிறு குழுவுக்குப் பயிற்சி தர, அக்குழுவினர் அடுத்தவர்களுக்குத் தர, அவர்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. இலக்கு 27,000 ஆசிரியர்கள். வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக அடுக்கி, வாய்ப்பயிற்சியாகச் சொல்லவைக்கும் முறை அப்போது பரவியது. ஒவ்வொரு படியிலும் பயிற்சி சற்றே நீர்த்துப்போகும் என்பது இத்தகைய அடுக்குமுறைக்குள்ள இயல்பான குறை. ஆனாலும் செலவுக் கணக்கில் இது ஒன்றுதான் கட்டுப்படியாகும் வழி. ஊருக்கு ஒரு வெளிநாட்டவரை அமர்த்தும் பேச்சு, இவ்வளவு பள்ளிகள் உள்ள மாநிலத்தில் கணக்குக்கே வராது.

கொரியாவும் டெல்டாவும்

எபிக் திட்டத்தைக் கொரியக் கல்வி அமைச்சின் கீழுள்ள சர்வதேசக் கல்விக்கான தேசிய நிறுவனம் நடத்துகிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளின் குடிமக்கள் ஓராண்டு ஒப்பந்தத்தில் அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். தங்குமிடம் அரசு பொறுப்பு. கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளுக்காக 2008இல் ‘டாக்’ என்ற தனித்திட்டமும் வந்தது. கும்பகோணத்துக்கு வந்த வெளிநாட்டவர் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொரியாவில் அவர் துணையாசிரியர். உள்ளூர் ஆங்கில ஆசிரியரோடு சேர்ந்துதான் வகுப்பெடுப்பார், மதிப்பெண்ணும் வகுப்புப் பொறுப்பும் அந்த உள்ளூர்க்காரரிடமே இருக்கும். ஆட்சி யார் கையில் இருக்கிறது என்பதிலிருந்து பிறந்த வேறுபாடு இது. ஜெர்மானியரான சுவார்ட்ஸ் இன்றைய 7 நாட்டுப் பட்டியலில் இடம்பெற மாட்டார் என்பது வேறு கதை.

இந்தியாவும் தென்கொரியாவும் 2009 ஆகஸ்டில் கையெழுத்திட்ட பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒரு வாசல் திறந்தது. ஆங்கிலப் பாடத்துக்கான ஆசிரியர் தகுதிச் சான்று பெற்ற இந்தியப் பட்டதாரிகள் கொரியப் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற நாட்டவரிடம் கட்டாயமாகக் கேட்காத அந்தச் சான்றை இந்தியரிடம் கேட்கிறார்கள். ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் படித்த தஞ்சை மாவட்டத்துக்காரருக்கும் இந்த விதி பொருந்தும்.