இரட்டை ஆயுளும் ஊத்தங்கரை நீதிபதியும்

தருமபுரி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். கொலை வழக்கில் தீர்ப்பு சொன்னதும் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் கேட்பது இதுதான்: "இரட்டை ஆயுள்னு சொல்லிட்டாரே சார், இருக்கிறது ஒரு உசுரு, அதை ரெண்டு தடவை எப்படி உள்ளே வைப்பாங்க?" சிரிக்க வேண்டாம். 2016-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கூடி உட்கார்ந்து யோசித்ததும் இதையேதான்.

ஆயுள் என்றால் பதினாலு வருஷம் என்று ஊரில் ஒரு கணக்கு உண்டு. சட்டப் புத்தகத்தில் அப்படி எங்கும் இல்லை. 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் இருந்தது ஆயுள் முழுதும் நாடு கடத்தல். கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பிவிட்டால் முடிந்தது. அதையே 1956 ஜனவரி 1 முதல் ஆயுள் சிறை என்று மாற்றினார்கள். ஆயுள் என்றால் மிச்சமுள்ள வாழ்நாள் முழுவதும்தான் என்று 1961-இல் கோபால் கோட்சே வழக்கில் சுப்ரீம் கோர்ட் அடித்துச் சொல்லிவிட்டது.

பதினாலு வந்தது 1978-இல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ என்ற பிரிவைச் சேர்த்தபோது. கொலைக்கு ஆயுள் வாங்கியவனை அரசு 14 ஆண்டுக்கு முன்னால் விடக்கூடாது என்பதே அதன் சாரம். அதற்குமுன் விடாதே என்று போட்ட தடையை, அதோடு விட்டுவிடுவார்கள் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தடையும் முழுசாக நிற்கவில்லை. அரசியல் சாசனத்தின் 161-ஆவது பிரிவில் ஆளுநருக்குள்ள மன்னிப்பு அதிகாரத்தை இது தொடாது. அந்த வழியாகத்தான் 2008-இல் அண்ணா நூற்றாண்டுக்கு, ஏழு ஆண்டு முடித்திருந்தாலே போதும் என்று வைத்து, 1,405 ஆயுள் கைதிகளைத் தமிழக அரசு விட்டது. தலைவர்களின் பிறந்தநாள் எப்போது வருகிறது என்பது ஜெயிலுக்குள் இருப்பவனுக்கு மனப்பாடம்.

செஷன்ஸ் நீதிபதிக்கும் இதெல்லாம் தெரியும். நான்கு பேரைக் கொன்றவனும் ஒருவரைக் கொன்றவனும் ஒரே நாளில் மஞ்சள் பையோடு வெளியே வருவதை எந்த நீதிபதி விரும்புவார்? அதனால் ஒவ்வொரு உயிருக்கும் தனி ஆயுள். அப்பீலில் ஒரு குற்றச்சாட்டு அடிபட்டுப் போனாலும் மற்றது நிற்கும் என்ற நடைமுறை லாபமும் இதில் இருக்கிறது. அமெரிக்க கோர்ட்டுகள் அடுக்கடுக்காக ஆயுள் போடுவதற்கும் இது ஒரு காரணம். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், "ஒன்று முடிந்தபின் அடுத்தது" என்றும் எழுதினார்கள்.

அப்படி எழுதியவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்துக்காரர். ஆர். பானுமதி, ஊத்தங்கரைக்காரர். ஊத்தங்கரை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரை தருமபுரிதான், அதனால் எங்களுக்கு உரிமை உண்டு. 1997 ஆகஸ்டில் அவர் புதுக்கோட்டையில் செஷன்ஸ் நீதிபதி. விராலிமலைப் பக்கம் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா, ஆசிரமத்துப் பெண்களைப் பாலியல் வன்முறை செய்ததற்கும் ஒருவரைக் கொன்றதற்குமாக அவர் முன்னால் நின்றார். டெல்லியிலிருந்து ராம் ஜெத்மலானி வந்து வாதாடியும் நடக்கவில்லை. இரண்டு ஆயுள், ஒன்றன்பின் ஒன்றாக. 2005-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை அப்படியே உறுதிசெய்தது. 2011 பிப்ரவரியில் முதல் ஆயுளே முடியாமல், கைதியாகவே கடலூரில் அவர் இறந்துபோனார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு வியப்பு. முத்துராமலிங்கம் என்பவரின் பெயரில் தமிழ்நாட்டிலிருந்தே இன்னொரு வழக்கு போனது. பல கொலைகள், அத்தனைக்கும் அடுத்தடுத்து ஆயுள். ஐந்து நீதிபதிகள் அமர்வு 2016 ஜூலை 19-இல் தீர்ப்புச் சொன்னது: எத்தனை ஆயுள் வேண்டுமானாலும் விதிக்கலாம்; ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது, ஒரு மனிதனுக்கு ஓர் ஆயுள்தான். பிரேமானந்தா வழக்கில் 2005-இல் சொன்னது அந்த அளவில் தவறு. இந்த ஐவரில் ஒருவர், அதற்குள் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்துவிட்ட நீதிபதி பானுமதி! தாம் எழுதிய முறைக்குத் தாமே முற்றுப்புள்ளி வைப்பது சாதாரண காரியமில்லை. என் கணக்கில் அது அவருக்குப் பெருமை.

அப்படியானால் இரண்டாவது ஆயுளால் என்ன பயன்? பத்திர ஆபீஸ் பழக்கமுள்ளவனுக்குச் சட்டென்று புரியும். ஒரே காட்டின் மேல் இரண்டு அடமானம் இருக்கிறது. ஒன்றை அடைத்துவிட்டாலும் வில்லங்கத்தில் மற்றது நிற்கும். ஆயுள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும், ஒன்றில் ரெமிஷன், அதாவது தண்டனைக் கழிவு, கிடைத்தால் மற்றதும் தானாகக் கழிந்துவிடாது என்றே கோர்ட் சொன்னது. ஏழு வருஷம், பத்து வருஷம் என்று கெடு வைத்த தண்டனை கூட இருந்தால், முதலில் அதை அனுபவித்துவிட்டுப் பிறகு ஆயுளைத் தொடங்கச் சொல்லலாம். தலைகீழாகச் சொல்ல முடியாது.

ஆனால் பூட்டு எத்தனை போட்டாலும் சாவி அரசிடம்தான். 2000 பிப்ரவரி 2-இல் எங்கள் ஊர் இலக்கியம்பட்டியில் வேளாண் பல்கலைக்கழக பஸ்ஸைக் கொளுத்தி மூன்று மாணவிகளைக் கொன்ற வழக்கில் மூவருக்குத் தூக்கு. 2016 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதை ஆயுளாகக் குறைத்தது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்குப் பத்து ஆண்டு முடித்தவர்களை விடலாம் என்றார்கள். 2018 நவம்பரில் மூவரும் வேலூர் ஜெயிலிலிருந்து வெளியே வந்தார்கள். அன்று தருமபுரி டீக்கடைகளில் கேட்ட வசவுகளை இங்கே எழுத முடியாது. 161-இன்கீழ் எல்லா ஆயுளையும் சேர்த்தே கழித்துவிட இன்றும் தடையில்லை.

இருபது, முப்பது ஆண்டு ரெமிஷனே இல்லாமல் உள்ளே இரு என்று சொல்ல முடியுமே என்பார்கள். முடியும், ஆனால் கொலை வழக்கில் அப்படிக் கெடு வைக்கும் அதிகாரம் ஹைகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் மட்டும்தான் என்று 2015-இல் ராஜீவ் கொலைக் கைதிகள் வழக்கில் இன்னொரு ஐவர் அமர்வு வரையறுத்துவிட்டது. மாவட்டத்தில் உட்கார்ந்து சாட்சியை நேரில் பார்த்த நீதிபதிக்கு, தூக்கு வேண்டாம் என்று முடிவு செய்தபின், எண்ணிக்கை ஒன்றுதான் மிச்சம். அதனால்தான் இன்னும் இரட்டை ஆயுள், மூன்று ஆயுள் என்று எழுதுகிறார்கள்.