பசுவைச் சுற்றி ஒரு வட்டம்

ஒரு குழந்தை வாசித்ததைப் புரிந்துகொண்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டுப் பார்த்தால் போச்சு என்று தோன்றும். ஆனால் யார் கேட்பது, எதைக் கேட்பது, எந்த விடையைச் 'சரி' என்று ஒப்புக்கொள்வது என்பதெல்லாம் அதிகாரம் பற்றிய விஷயங்கள். அவற்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

புரிதலைப் பரீட்சித்து எண்ணாக்குவது புதிய பழக்கம். புரியவில்லை என்ற புகாரோ பழசு. 1822இல் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் செய்யுட்களைக் கிளிப்பிள்ளை போல் ஒப்பிக்கிறார்கள், அசைகளின் உச்சரிப்பில்தான் அவர்கள் கவனம், அர்த்தத்தில் இல்லை என்று எழுதினார். முதலில் மனசில் பதியட்டும், அர்த்தம் வயசோடு வரும் என்பதே திண்ணைப் பள்ளியின் ஏற்பாடு. இதைச் சொன்னதும் திண்ணைப் பள்ளிக்குப் பூச்சூட்டக் கிளம்புகிறவர்கள் உண்டு. அந்தத் திண்ணையில் ஏற முடியாமல் போனவர்கள் யார் யார் என்று கேட்டால் அவர்களிடமிருந்து சத்தம் வராது.

சரி, கிளிப்பிள்ளை என்று பழித்தவர்கள் தங்கள் ஊரில் என்ன செய்தார்கள்? 1862இல் ராபர்ட் லோ இங்கிலாந்தில் கொண்டுவந்த விதிப்படி, பிள்ளைகள் இன்ஸ்பெக்டர் முன்னால் வாசித்துத் தேறினால்தான் பள்ளிக்கு மானியம். வாத்தியார்கள் என்ன செய்வார்கள்? வாசகப் புத்தகத்தை முழுசாக உருப்போட வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் சரளமாக 'வாசித்த' பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு உண்டு. இன்ஸ்பெக்டராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்ட், உண்மையில் வாசிக்கத் தெரியாமலேயே வாசிப்புப் பரீட்சையில் தேற வைக்கலாம் என்று 1867 அறிக்கையிலேயே சொல்லிவிட்டார். இதே 'பலனுக்கேற்ற மானியம்' சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கர்சன் காலத்து 1904ஆம் வருஷக் கல்வித் தீர்மானம்தான் அதைக் கைவிடச் சொன்னது. கிளிகளைக் கேலி செய்த அரசாங்கம் கிளிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தது.

வாய்விட்டு வாசிப்பதிலிருந்து மௌன வாசிப்புக்குப் பரீட்சை இடம்பெயர்ந்தது அமெரிக்காவில். அங்கே இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒருவர் கான்சாஸைச் சேர்ந்த ஃபிரெடெரிக் கெல்லி. ஒரே விடைத்தாளுக்கு ஆளுக்கொரு மார்க் போடும் ஆசிரியர்களைப் பற்றித்தான் அவருடைய ஆய்வேடு. அந்த அநியாயத்துக்கு மருந்தாக 1915 வாக்கில் கான்சாஸ் மௌன வாசிப்புத் தேர்வை அமைத்தார். ஐந்து நிமிஷம்தான் நேரம். 6, 7, 8ஆம் வகுப்புகளுக்கென்று தனித்தாள். கீழ் வகுப்புத் தாளில் பிரபலமான ஒரு கேள்வி: பசு, புலி, எலி, ஓநாய் இவற்றில் பண்ணைக்குப் பயன்படும் விலங்கைச் சுற்றி வட்டமிடு. பசுவைச் சுற்றித்தான் கோடு வரவேண்டும். பசுவுக்கு அடியில் கோடு போட்டால்கூடத் தப்பு, மார்க் கிடையாது. இது புரிதலுக்கான பரீட்சையா, கீழ்ப்படிதலுக்கான பரீட்சையா? செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் குழந்தை ஒன்றிடம் இந்தத் தாளைக் கொடுத்திருந்தால் என்று யோசிக்கிறேன். வயலில் எலி பிடித்தால் வீட்டில் கூலி, எலி வளையைத் தோண்டினால் நெல்லும் கிடைக்கும். அந்தக் குழந்தை எதைச் சுற்றி வட்டம் போடும்?

இன்னொருவர் எட்வர்ட் தார்ன்டைக். மகான் ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் அளவுக்குள் அடங்கும் என்று நம்பியவர், மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்கலாம் என்ற கட்சிக்காரர். ஆனால் வாசிப்பு என்பது யோசிப்பே என்று வாதிடும் அவருடைய 1917 கட்டுரை இன்னமும் படிக்கத் தக்கது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பத்தியின் விஷயத்தைப் பாருங்கள்: ஃபிராங்க்ளின் என்ற ஊரில் ஏழு முதல் பதினாலு வயசுவரை தினமும் பள்ளிக்கு வந்தாக வேண்டும், நோய், வீட்டில் தொற்று, போக முடியாத பாதை இவைதான் விலக்கு என்னும் விதி. குழந்தையைப் பெஞ்சில் உட்காரவைத்த சட்டத்தையே அதனிடம் நீட்டி, புரிகிறதா என்று கேட்கிறது அந்தப் பிரதி. பரிசோதனை என்பது கண்காணிப்பும் தரப்படுத்தலும் கூடும் இடம் என்று ஃபூக்கோ 1975இல் எழுதியதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இந்தப் பத்தியின் பொதுப்பொருள் என்ன என்பது முதல் கேள்வி. பல பிள்ளைகள் 'பெரிய எழுத்து', 'அரை அங்குலம் இடம் விட வேண்டும்' என்கிற மாதிரி எழுதினார்கள். சிரிக்கலாம். தார்ன்டைக் சிரிக்கவில்லை, பட்டியல் போட்டார். 'பத்தி' என்ற சொல் மற்ற சொற்களை அமுக்கிவிட்டது என்று விளக்கினார். நான் ஒரு படி மேலே போவேன். கட்டுரை வகுப்பில் பத்தி என்றால் இடம் விட்டு, பெரிய எழுத்தில் தொடங்கு என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியது யார்? அந்தக் குழந்தைகள் பத்தியை வாசிக்கவில்லை, பள்ளிக்கூடத்தை வாசித்தார்கள். அதைச் சரியாகவே வாசித்தார்கள்.

தப்பு விடையைப் படிக்கத் தக்க ஒரு பிரதியாக எடுத்துக்கொண்ட தார்ன்டைக்கின் வழி கட்டுரைகளில் தங்கிவிட்டது. கெல்லியின் வட்டம் உலகத்தை ஜெயித்தது.

நம் கேள்வித்தாளுக்கு வருவோம். 'பத்தியைப் படித்து விடை தருக'. நானே ஒரு வாக்கியம் செய்து பார்த்தேன்: 'மாளுவன் தெகிளியைப் பொலிந்தான்.' மாளுவன் எதைப் பொலிந்தான்? தெகிளியை. முழு மார்க்! 'எதை' என்றால் 'ஐ' உருபோடு நிற்கும் சொல்லைத் தேடு, 'எதில்' என்றால் 'இல்'. தமிழின் வேற்றுமை உருபே விடையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுகிறது. ஏழாம் வகுப்பு வருவதற்குள் பிள்ளைகள் இந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்து விடுகிறார்கள். அது புத்திசாலித்தனம்தான், வாசிப்பு இல்லை.

எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். கெல்லி எதிர்த்த அநியாயம் இங்கே சாதியோடு வரும். விடைத்தாளில் பேரைப் பார்த்து, தெருவைத் தெரிந்து மார்க் போட்ட வாத்தியார்களின் கீழ் படித்தவர்களுக்கு, முகம் பார்க்காத வட்டம் ஒரு பாதுகாப்பு. 'திறந்த கேள்வி, தாராளமான வாசிப்பு' என்று நாம் பேசும்போது, திருத்துகிற கை யாருடையது என்று அவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். இதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை.

2005இல் தொடங்கிய அசர் ஆய்வு வீடுவீடாகப் போய் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறது. 14 முதல் 18 வயதுள்ளவர்களில் ஏறக்குறைய 25 சதவீதம் பேருக்கு அதைச் சரளமாக வாசிக்க வரவில்லை என்றது அதன் 2023 அறிக்கை. எட்டு வருஷம் பள்ளியில் உட்கார்ந்த பிறகு! இதை மறைக்காமல் வெளியே கொண்டுவந்ததற்கு நன்றி சொல்லலாம். ஆனால் இன்ஸ்பெக்டரின் காது திரும்பி வந்திருக்கிறது. அர்த்தம் மறுபடியும் வெளியே நிற்கிறது.

2009 பீசா தேர்வுச் சுற்றில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்டவை தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும். முடிவு 2011 டிசம்பரில் வந்தபோது பட்டியலின் அடியில் கிடந்தோம். கேள்விகள் நம் குழந்தைகளின் சமூகச் சூழலுக்கு அந்நியம் என்றது மத்திய அரசு, அடுத்த சுற்றுகளுக்குப் போகவில்லை. நியாயமான வாதம்தான். உள்நாட்டில் கூடலூர்ப் பழங்குடிப் பிள்ளைக்கும் செங்கல்பட்டு இருளர் பிள்ளைக்கும் தேர்வுத்தாள் அச்சிடும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வருவதில்லை.

ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு விடைத்தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். பத்தியில், மழை பொய்த்து ஏரி வற்றியது. ஏரி ஏன் வற்றியது என்ற கேள்விக்கு ஒரு பெண் 'மதகு ஒடஞ்சிடிச்சி, யாரும் சரி பண்ணல' என்று எழுதியிருந்தாள். பூஜ்யம். கூப்பிட்டுக் கேட்டேன். "மழ இல்லன்னுதான் போட்ருக்கு சார். ஆனா எங்க ஊர்ல மழ பேஞ்சும் நிக்கல" என்றாள். 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வு மாதிரியான தேர்வில் அவள் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கியிருப்பாள். எந்த வட்டம் என்பது பதிவாகியிருக்கும்.