ஈயக் குண்டின் சாட்சி

கல்லாறு பாயும் நெடுமங்காட்டு வட்டாரத்தில் பழைய துப்பாக்கிக் குண்டொன்று மண்ணில் கிடைத்தால், அதனை வேலுத்தம்பி தளவாய் காலத்ததென்று உடனே சொல்லத் தோன்றும். முதலில் உருவத்தை நோக்குவோம். 1809-இல் ஆரல்வாய்மொழி அரணைத் தாக்கிய ஆங்கிலேயக் காலாட்படையின் துப்பாக்கி, ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஈய உருண்டையையே உமிழ்ந்தது. ஆயினும் உருண்டை வடிவம் மட்டும் சான்றாகாது. வேட்டையாடுவோர் பிற்காலத்தும் அதனை வார்த்தனர்.

அடிக்குழியுடைய கூம்புக் குண்டு, 1849-இல் மினியே என்னும் பிரெஞ்சு அதிகாரி அமைத்த பின்னரே பரவிற்று. செம்புறை போர்த்த கூர்ங்குண்டு 1880-களுக்குப் பிற்பட்டது. அது கிடைப்பின், 1938-இல் கல்லறை-பாங்கோட்டில் காவலர் மக்களைச் சுட்ட நிகழ்ச்சியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஈயத்தின்மீது படர்ந்த வெண்படலத்தைச் சுரண்டலாகாது. கிடைத்த இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறையிடம் சேர்ப்பித்தல் நன்று. இடம் மறைந்தால், பெயரின்றி மாண்டவருக்குரிய சாட்சியும் உடன் மறையும்.