புகையிலை நஞ்சும் பிரஸ்ஸெல்ஸ் இரசாயன அறிஞரும்

1850ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் மாலை, பெல்ஜியம் நாட்டில் பித்ரமோன் என்னும் மாளிகையில் குஸ்தாவ் ஃபூஞி என்ற இளைஞர் விருந்துண்ண அமர்ந்தார், உயிருடன் எழவில்லை. ஒரு காலை இழந்தவர். ஊன்றுகோலின்றி நடக்க இயலாதவர். அவருடைய செல்வம் தமக்கு வந்து சேரும் என்று காத்திருந்தார் அவர் சகோதரி லிதியின் கணவரும் அம்மாளிகையின் பிரபுவுமான போகார்மே. கடனில் மூழ்கியிருந்தவர் அவர். குஸ்தாவோ திருமணம் செய்துகொள்ள முடிவு செய்திருந்தார்!

பிணத்தின் வாயில் வெந்த புண்கள் இருந்தன. கந்தக அமிலமாக இருக்குமோ என்று மருத்துவர்கள் ஐயுற்றனர். உள்ளுறுப்புக்கள் சாராயத்தில் இடப்பட்டு, பிரஸ்ஸெல்ஸ் நகரில் இரசாயனப் பேராசிரியராக இருந்த ழான் செர்வே ஸ்டாஸ் என்பாரிடம் அனுப்பப்பட்டன.

அக்காலத்து நிலையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பாஷாணத்தைக் கண்டறிய 1836இலேயே ஜேம்ஸ் மார்ஷ் வழி வகுத்துவிட்டார். பாஷாணம் தாதுப்பொருள், தசையை எரித்தழித்தாலும் அது எஞ்சும். தாவர நஞ்சு அத்தகையதன்று. தசையை அழித்தால் நஞ்சும் உடன் அழியும். நச்சியல் மேதையான ஓர்ஃபிலாவே, இது என்றும் கைகூடாமற் போகலாம் எனக் கருதினார். குற்றவாளிக்கு இதைவிட வேறென்ன காப்பு வேண்டும்?

ஸ்டாஸ் தசையை அழிக்கவில்லை. நஞ்சை அதனின்று பிரித்தெடுத்தார். அமிலம் கலந்த சாராயத்தில் நஞ்சு உப்பாகிக் கரையும்; கொழுப்பும் புரதமும் பெரும்பாலும் பின்தங்கும். வடிகட்டி, வற்றச் செய்து, காரம் சேர்த்தால் நஞ்சு தன் இயல்புருவம் பெறும். பின்னர் ஈதரோடு குலுக்கினால் நஞ்சு ஈதருக்குள் புகும். ஈதர் ஆவியானதும் எண்ணெய் போன்ற ஒரு துளி எஞ்சியது. அதில் புகையிலை நெடி வீசியது. ஆம், நிகோடின்! உணவறையின் தரைப்பலகையிலும் அது அகப்பட்டது.

நெடியை மறைக்கப் பிணத்தின் மீதும் வாயிலும் காடி ஊற்றியிருந்தார்கள். காடியும் அமிலமல்லவா? அமிலத்தோடு சேர்ந்த நிகோடின் எளிதில் ஆவியாகாது. மறைக்க ஊற்றியதே நஞ்சைக் காத்து வைத்தது. பிரபு புகையிலையிலிருந்து வாசனைநீர் வடிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவருடைய தோட்டக்காரரும் வெளியிட்டார். 1851 ஜூலை 19 அன்று மோன்ஸ் நகரில் போகார்மேயின் தலை வெட்டப்பட்டது. லிதி விடுதலை பெற்றார். அத்தீர்ப்பு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

1856இல் ஜெர்மானியரான ஓட்டோ இம்முறையைத் திருத்தினார்; அதனால் அது ஸ்டாஸ்–ஓட்டோ முறை எனப் பெயர் பெற்றது. அதன் அடிப்படை பின்னர் விளையாட்டுக் களத்துக்கும் வந்தது. களைப்பறியாமல் ஓடச் செய்யும் ஆம்ஃபிடமினும் நிகோடினைப் போலக் காரத்தன்மை உடையதே. சிறுநீரில் காரம் சேர்த்து ஈதரால் அதனைப் பிரித்து, வாயு வண்ணப்பிரிகை என்னும் கருவியிற் செலுத்தினர். 1965இல் இங்கிலாந்தில் பெக்கட் என்னும் அறிஞர் சைக்கிள் பந்தய வீரர்களிடம் இச்சோதனையை நடத்தினார். 1968 முதல் ஒலிம்பிக் பந்தயங்களிலும் மருந்துச் சோதனை இடம்பெற்றது. ஸ்டாஸ் மூக்கால் முகர்ந்து அறிந்ததை இன்று நிறைமாலைமானி அளந்து சொல்கிறது. ஆயினும் அமிலத்தையும் காரத்தையும் மாற்றி மாற்றிப் பொருளைப் பிரித்தெடுக்கும் வேலை ஆய்வுக்கூடத்தில் இன்னும் நடந்துவருகிறது.