காம்பராவின் பிளானில் இல்லாத பாத்ரூம்

லயக் காம்பரா ஒன்றின் அளவு கிட்டத்தட்ட 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு. சமையல், படுக்கை, சாமி படம், பிள்ளைப்பேறு எல்லாம் அதுக்குள்ளேதான். மலையகத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த அளவைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தப் பிளானில் குளிக்கிற இடம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. எங்கேயும் இல்லை என்பதுதான் பதில்.

இதுக்குக் காரணம் தேட கோப்பிக் காலத்துக்குப் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்புகிறவர்கள். அவர்களுக்குக் கட்டியது வீடு இல்லை, ராத்தங்குவதற்கான கொட்டில். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. சில ஆண்டுகளில் கோப்பி அழிய, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே ஆட்கள் குடும்பத்தோடு நிரந்தரமாகத் தங்க வேண்டி வந்தது. தங்குகிற காலம் மாறியும் லயத்தின் பிளான் மாறவில்லை. மூன்று மாசத்துக்குத் தாங்கக்கூடிய குறையை மூன்று தலைமுறைக்கு நீட்டினார்கள்.

அப்போ நம்ம ஆட்கள் எங்கே குளித்தார்கள்? பீலியில். மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணியை மூங்கிலைப் பிளந்தோ, தகரத்தை வளைத்தோ, பிறகு இரும்புக் குழாய் வைத்தோ ஒரு இடத்தில் விழச் செய்தால் அது பீலி. தலைக்கு மேலிருந்து தண்ணி விழுகிறது, கீழே ஆள் நிற்கிறார் என்று பார்த்தால் அதுவும் ஒரு ஷவர்தான். பம்பும் வேண்டாம், டாங்கியும் வேண்டாம். தியலும நீர்வீழ்ச்சி 220 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற கொஸ்லந்தைப் பக்கத்தில், தண்ணி இல்லாததால் பாத்ரூம் கட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பீலியைப் பற்றிப் பேசினாலே பெரியவர்களுக்கு ஒரு சந்தோஷம் வந்துவிடும். கதை பேசினது, சண்டை பிடிச்சது, கல்யாணம் பேசி முடிச்சது எல்லாம் அங்கேதான். அது பொய்யில்லை. ஆனால் அதே பீலியில்தான் பெண்கள் பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, பாதையில் யார் வருகிறார்கள் என்று ஒரு கண்ணை வைத்தபடி குளித்தார்கள். மலையிலிருந்து வேலை முடித்து வந்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பார்த்த பிறகு, இருட்டில், குளிரில் போவார்கள். மாதவிடாய் நாட்களில் என்ன செய்தார்கள் என்று வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். சிரித்து மழுப்புவார்கள்.

ஷவர் என்றால் பணக்கார வீட்டுச் சாமான் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதன் வரலாறு அப்படி இல்லை. பிரான்சின் ரூவான் நகரச் சிறையில் மருத்துவராக இருந்த மெர்ரி டெலபோஸ்ட் 1870களில், நிறையக் கைதிகளைக் குறைந்த தண்ணியில் குளிக்க வைக்க ஷவர்களை வரிசையாக அமைத்தார். 1883இல் பெர்லின் சுகாதாரக் கண்காட்சியில் தோல் மருத்துவர் ஒஸ்கார் லாசார், தொழிலாளிகளுக்கான மக்கள் ஷவரைத் தகரக் கொட்டகை ஒன்றுக்குள் கட்டிக் காட்டினார். தொட்டிக்குளியலோடு பார்த்தால் தண்ணியும் கொஞ்சம், இடமும் கொஞ்சம், நேரமும் கொஞ்சம். ஏழைக்கும் கைதிக்கும் சிப்பாய்க்கும் என்றே வளர்ந்த அமைப்பு இது. தகரம் நம்ம லயத்துக் கூரைக்கும் வந்தது. அதுக்குக் கீழே ஷவர் மட்டும் வரவில்லை.

பிரித்தானியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் கரியோடு வீட்டுக்குப் போய், மனைவி சுடவைத்த தண்ணியில் அடுப்பங்கரையில் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகச் சுரங்க வாசலிலேயே குளியல் நிலையம் கட்ட 1920களில் நிதி ஒதுக்கப்பட்டது. 1926இல் நிலக்கரிக்கான உரிமத்தொகையின் மேல் அதற்கென்றே ஒரு வரி போட்டார்கள். தொழிற்சங்கங்களும் பெண்களும் கேட்டுப் பெற்றது அது. அதே பிரித்தானியப் பேரரசின் கீழே, அதே காலத்தில், இங்கே பீலிதான். தோட்டத்துக்கு நல்ல கட்டடம் கட்ட ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. ஹப்புத்தளையில் சேர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ் ஆங்கிலேய மாளிகை மாதிரியில் அடிஷம் பங்களாவைக் கட்டியது 1931இல்.

தோட்டச் சுகாதாரத்தில் அன்றைக்கு அக்கறை காட்டவே இல்லை என்றும் இல்லை. 1916 வாக்கில் ரொக்கெபெல்லர் அமைப்பு கொக்கிப்புழுவை ஒழிக்கத் தோட்டங்களில் இறங்கியது. கக்கூஸ் கட்டச் சொன்னார்கள். கொக்கிப்புழு இரத்தத்தைக் குறைக்கும், இரத்தம் குறைந்தால் வேலை குறையும். அந்தக் கணக்குக்குள் மலசலகூடம் அடங்கியது. ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. பிறகு 1948இல் குடியுரிமை பறிபோனது, 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் கம்பனிகளிடம் போயின. லயம் மட்டும் அப்படியே நின்றது.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். தப்பியவர்கள் நீண்ட காலம் முகாமில் இருந்தார்கள். 2016இல் மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கொடுக்கப்பட்டன. இந்திய உதவியோடு மலையகத்தில் கட்டப்படும் தனிவீடுகளும் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி. இரண்டு அறை, ஹோல், குசினி, கழிவறை. காம்பராவோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இனிக் குளிக்கிற இடத்தைத் திட்டமிடும்போது மீரியபெத்தை நமக்குச் சொன்ன ஒன்றைச் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

சரிவு நிலத்தில் மண்ணுக்குள் தண்ணி சேரச் சேர, மண் துகள்களுக்கு இடையில் அழுத்தம் கூடி, பிடிப்பு விட்டுப்போகிறது. மழையைத் தடுக்க முடியாது. நாம் ஊற்றுகிற தண்ணியைத் தடுக்கலாம். பீலித் தண்ணி ஏற்கெனவே இருந்த ஓடையில் ஓடிப் போனது. ஒவ்வொரு வீட்டிலும் பாத்ரூம் வந்தால் ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் தினமும் அழுக்குத் தண்ணி இறங்கும். ஒரு ஷவர் நிமிஷத்துக்கு 8, 10 லீட்டர் விடும். நாலு பேர் ஆளுக்கு ஐந்து நிமிஷம் குளித்தால் 160 லீட்டரைத் தாண்டும். சமநிலத்தில் என்றால் ஒரு குழி வெட்டி ஊறவிடலாம். செங்குத்துச் சரிவில் அந்தக் குழியே ஆபத்து. சீமெந்துக் கான் கட்டி, வரிசையிலுள்ள எல்லா வீட்டுத் தண்ணியையும் சேர்த்து, கீழே ஓடை வரைக்கும் கொண்டுபோக வேண்டும். அதைத் தனி வீட்டுக்காரர் ஒருவரால் செய்ய முடியாது. டைல்ஸ் கலரை நாம் தெரிவு செய்யலாம். கானை யார் கட்டுவது?

மற்றதெல்லாம் சுலபம். மூன்று அடிக்கு மூன்று அடி இருந்தால் ஒரு ஆள் நின்று குளிக்கலாம். தரையைக் கான் பக்கம் சரித்துப் பூச வேண்டும். ஊற்று வீட்டை விட 10 மீட்டர் மேலே இருந்தால், குழாய் நல்லதாயிருந்தால், மோட்டர் இல்லாமலே ஷவருக்குப் போதுமான அழுத்தம் கிடைக்கும். கறுப்புக் குழாய் போட்டு மலையிலிருந்து தண்ணி இறக்குகிற வேலை நம்ம அப்பாமாருக்குப் புதுசில்லை. உள்ளே தாழ்ப்பாள், கண்ணுக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல்.

இன்னும் லயத்தில் இருப்பவர்கள் இது எதுக்கும் காத்திருக்கவில்லை. காம்பராவுக்குப் பின்னால் நாலு தடி நட்டு, உரப்பையைக் கிழித்துச் சுற்றிக் கட்டி, கீழே ஒரு தட்டைக் கல் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லை எந்தப் பக்கம் சரித்துப் போட்டிருக்கிறார்கள், தண்ணி எங்கே போகிறது என்று அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கவனியுங்கள்.