மலையும் பறையும்

தோற்கருவியை அது ஒலிக்கும் நிலத்தோடு சேர்த்தே பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய யோசனை அல்ல. தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழிலோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கத்து மன்னன் நன்னனைப் பாடும் சங்கப் பாட்டான மலைபடுகடாம் அதைக் காதிலேயே கேட்க வைக்கிறது. 583 அடிகள் உள்ள அந்தப் பாட்டின் தொடக்கத்திலேயே, இடியோசைக்கு நிகராகப் பண்ணமைத்து வாரால் இறுக்கிய முழவு வந்துவிடுகிறது. ஆகுளி, எல்லரி, பதலை எல்லாவற்றையும் பைகளில் கட்டி, காய்த்த பலாக்கொத்துப்போலக் கூத்தர்கள் சுமந்து போகிறார்கள். பிறகு அவர்கள் நடக்கும் மலையின் ஓசைகள் வரிசையாக வருகின்றன: அருவி, கிளி விரட்டும் பெண்களின் கூச்சல், புலி பாய்ந்த கணவனின் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டு, மான்தோல் சிறுபறைக்குக் குறவர் ஆடும் குரவை. தாளம் கற்பவனுக்கு முதலில் காது வேண்டும். அந்தக் காதைப் பழக்கியது மலைதான் என்று இந்த வரிசையைப் படிக்கையில் எனக்குத் தோன்றுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே உறவைப் பார்க்கலாம். கினி நாட்டு மலிங்கே மக்களின் ‘கஸ்ஸா’ அறுவடைக் காலத்துத் தாளம். வயலில் ஆட்கள் வேலை செய்ய, ஜெம்பே என்னும் தோற்கருவி முழங்கும். 1958-ல் கினி விடுதலை பெற்றபின் அரசு ஆதரித்த நடனக் குழுக்கள் இத்தகைய தாளங்களை உலக மேடைகளுக்குக் கொண்டுபோயின. ஆனால் வயலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கஸ்ஸாவைக் கற்பித்தால் கையில் மிஞ்சுவது வெறும் கணக்கு. நிலத்தோடு சேர்த்துக் கற்பிக்க ஏற்ற இடம் நம்மிடமும் உண்டு: 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மலையும் சமவெளியும் ஒருங்கே இருக்கின்றன. கல்வராயனில் பெய்யும் மழை கோமுகியாக இறங்கி, அணையில் தேங்கி, வயலுக்குப் பாய்கிறது. ஈரக்காற்றில் பறையின் தோல் தளர்ந்துவிடும். தீமூட்டிக் காய்ச்சினால்தான் அதன் குரல் எழும்பும். பருவத்தைப் பற்றி இதைவிட நல்ல பாடம் எது?

கல்வராயனில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்பவர்கள். சங்கக் குறவரின் பாட்டை அவர்கள்மேல் ஏற்றலாமா என்று கேட்பார்கள். ஏற்றக் கூடாது. பாட்டிலிருந்து எடுக்க வேண்டியது கேட்கும் முறையைத்தான், வம்சத்தை அல்ல. மலைப்பிள்ளைகள் தங்கள் ஊர்த் திருவிழாவின் தாளத்தைத் தங்கள் பெரியவர்களிடமே கற்கட்டும்.

இன்னொரு மறுப்பு கனமானது: பறை சாதி சுமத்திய இழிவின் கருவியாயிற்றே, அதை மறுபடியும் பிள்ளைகள் கையில் கொடுப்பதா? இழிவு பறையில் இல்லை. இன்ன சாதியார்தான் சாவுக்கு அடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தில் இருந்தது. அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்ததால் மட்டும் அது தீர்ந்துவிடாது. வகுப்பிலுள்ள எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடிக்க வேண்டும். அந்தக் கட்டாயத்தின் வரலாற்றையும் அதே வகுப்பில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.